மரை கழண்ட கதை: ஆர்வியும் கிரில்லும்

கோடை வந்தாச்சுன்னா அமெரிக்காவுல இருக்கற நம்ம ஆளுங்ககிட்டேயிருந்து எனக்குத் தவறாம வர்ற கேள்வி ஒண்ணு உண்டு. "அண்ணே, ஆர்விக்கு வெளிப்பக்கம் ஒரு கேஸ் பாயின்ட் இருக்கே, அதுல நம்ம சின்ன கிரில்லை மாட்டிக்கலாமா? மாட்டிப் பார்த்தேன், தீ அகல்விளக்கு மாதிரி எரியுது. கோழி வேகறதுக்குள்ள விடிஞ்சிடும் போல!"

ஆர்வி தெரியாதவங்களுக்கு ஒரு வரி: அது சக்கரம் வச்ச வீடு. காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற டிரெயிலரும் ஆர்விதான், தானே ஓடற பஸ் மாதிரியான வண்டியும் ஆர்விதான். உள்ளே அடுப்பு, ஃப்ரிட்ஜ், வெந்நீர், ஹீட்டர் எல்லாத்துக்கும் புரொப்பேன் கேஸ். அதே புரொப்பேன்லதான் கையில தூக்கிட்டுப் போற கிரில்லும் எரியுது. ரெண்டும் ஒரே கேஸ், ரெண்டுலயும் பித்தளை மூக்கு. அப்புறம் ஏன் ஒண்ணோட ஒண்ணு சேர மாட்டேங்குது?

பதில் ரெண்டு வரிதான். அதைக் கடைசியில சொல்றேன். எனக்குப் பிடிச்சது அந்தப் பதிலுக்குப் பின்னாடி இருக்கற நூறு வருஷக் கதை. ஆர்வியும் கிரில்லும் ஒரே கேஸ்ல ஓடினாலும் ரெண்டும் வேற வேற வம்சம். ஒண்ணு வீட்டு வம்சம், இன்னொண்ணு காட்டு வம்சம். அந்த ரெண்டையும் பிரிச்சு வைக்கற ஒவ்வொரு மரைக்கும் ஒரு காரணம் இருக்கு. பாதிக்கு மேல விபத்துல கத்துக்கிட்ட காரணம்.

நம்ம ஊர்ப் பழக்கத்துல இருந்து ஒரு உதாரணம் சொன்னா சட்டுன்னு புரியும். வீட்டு சிலிண்டர்ல க்ளிக்னு மாட்டற ரெகுலேட்டர் இருக்கே, அது கேஸை ரொம்பக் கம்மி அழுத்தத்துல, சுமார் 30 மில்லிபார்ல, மெதுவா அனுப்பும். டீக்கடை, பரோட்டாக் கடையில புஸ்ஸுன்னு சத்தம் போட்டு எரியுமே பர்னர், அது ஹை பிரஷர். அதோட ரெகுலேட்டரே வேற. அந்தக் கடை பர்னரைக் கொண்டுவந்து வீட்டு ரெகுலேட்டர்ல மாட்டினா என்ன ஆகும்? சோம்பேறித் தீ. தலைகீழா, வீட்டு அடுப்பைக் கடை ரெகுலேட்டர்ல மாட்டினா? அதை யாரும் செஞ்சு பார்க்க வேண்டாம். ஆர்வி கிரில் பிரச்சினை மொத்தமும் இதுதான்.

சரி, கதைக்கு வருவோம்.

1910. பிட்ஸ்பர்க்ல வால்டர் ஸ்னெல்லிங்னு ஒரு வேதியியல்காரர். அமெரிக்க அரசோட சுரங்கத்துறையில வெடிமருந்து நிபுணர். ஃபோர்டு மாடல் டி கார் வச்சிருந்த ஒருத்தர் அவர்கிட்ட வந்து, "ஒரு கேலன் பெட்ரோல் வாங்கினா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பாதி காணாமப் போயிடுது"ன்னு புலம்பினதா ஒரு கதை சொல்லுவாங்க. அந்தக் காலத்துப் பெட்ரோல் அப்படி. சுலபமா ஆவியாகிற சரக்கெல்லாம் அதுலயே கலந்து கிடக்கும். ஸ்னெல்லிங் ஒரு பழைய வெந்நீர்க் கொதிகலனோட சுருள் குழாயையும் லேப்ல கிடந்த தட்டுமுட்டுச் சாமானையும் வச்சு ஒரு வடிகலன் கட்டி, அந்த ஆவியைத் தனித்தனியாப் பிரிச்சார். அதுல ஒண்ணுதான் புரொப்பேன்.

இதோட அருமை என்னன்னா, கொஞ்சம் அமுக்கினாலே திரவமாயிடும், திறந்துவிட்டா உடனே வாயுவாயிடும். கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. அதாவது உறைபனிக் காலத்துலகூட சிலிண்டருக்குள்ள தானே கொதிச்சு, தானே வெளியே வரும். பம்பு வேண்டாம், திரி வேண்டாம். 1912லேயே பென்சில்வேனியாவில் ஒரு வீட்டுல புரொப்பேன்ல சமைச்சுட்டாங்க. 1913ல ஸ்னெல்லிங் தன்னோட காப்புரிமையை ஃபிராங்க் ஃபிலிப்ஸுக்கு வித்துட்டார். ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் கம்பெனியை நிறுவினவர்தான் இந்த ஃபிலிப்ஸ். விலை 50,000 டாலர்னு சொல்றாங்க.

இங்கேயே ஒரு எண்ணை மனசுல வச்சுக்குங்க. 21 டிகிரி வெயில்ல ஒரு புரொப்பேன் சிலிண்டருக்குள்ள சதுர அங்குலத்துக்குச் சுமார் 110 பவுண்டு அழுத்தம் இருக்கும். 38 டிகிரி ஆனா 170ஐத் தாண்டிடும். நம்ம கார் டயர்ல இருக்கறது 32, 33தான். இந்த 110ஐ அப்படியே அடுப்புக்கு விட முடியுமா? அடுப்பு இருக்காது, அடுப்படியும் இருக்காது. அதனால நடுவுல ஒரு ரெகுலேட்டர். எவ்வளவு குறைக்கணுங்கறதுலதான் ரெண்டு வம்சமும் பிரியுது.

முதல்ல வீட்டு வம்சம். நகரத்துல இருந்தவங்களுக்கு அதுக்கு முன்னாடியே குழாய் கேஸ் இருந்தது. அந்த அடுப்பும் விளக்கும் ரொம்பத் தாழ்ந்த அழுத்தத்துல வேலை செய்யும். அதை அளக்கறதுக்கே பவுண்டு கணக்கு சரிப்படாம, வளைஞ்ச கண்ணாடிக் குழாய்ல தண்ணி ஊத்தி, கேஸ் அந்தத் தண்ணியை எத்தனை அங்குலம் தள்ளுதுன்னு பார்த்தாங்க. கிராமத்துல இருந்தவங்களுக்குச் சிலிண்டர்ல புரொப்பேன் போனப்போ அதே கணக்குதான் கூடப் போச்சு. இன்னைக்கும் அமெரிக்காவுல புரொப்பேன் வீட்டு உபகரணங்களுக்குப் பொதுவான கணக்கு 11 அங்குலத் தண்ணி. பவுண்டுல சொன்னா 0.4. மில்லிபார்ல சுமார் 27. நம்ம வீட்டு 30க்குப் பக்கத்து வீடு!

சக்கர வீடு இந்த வம்சத்துல வந்து சேர்ந்தது அப்புறம்தான். 1910ல பியர்ஸ் ஆரோ கம்பெனி டூரிங் லாண்டோன்னு படுக்கையும் கைகழுவற தொட்டியும் வச்ச ஒரு காரைக் கண்காட்சியில வச்சது. 1936ல வாலி பையமோட ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர், பளபளன்னு அலுமினிய உடம்போட வந்தது. 1966ல அயோவா மாநிலத்து வின்னபேகோ, மோட்டார் வீடுகளை வரிசையா தயாரிச்சு நடுத்தரக் குடும்பத்துக் கைக்கு எட்டற விலையில கொண்டுவந்தது. இந்த வண்டிகள்ல வீட்டுல இருக்கற எல்லாம் வேணும்னு ஆனப்போ, கரண்ட் இல்லாத காட்டுல ஃப்ரிட்ஜ் எப்படி ஓடும்? அதுக்கும் பதில் தயாரா இருந்தது. 1922ல ஸ்வீடன்ல பிளாட்டன், முன்டர்ஸ்னு ரெண்டு பேர் தீயை வச்சே குளிரை உண்டாக்கற ஃப்ரிட்ஜைக் கண்டுபிடிச்சாங்க. கீழே ஒரு சின்ன ஜ்வாலை, மேலே ஐஸ்! ஆர்வி ஃப்ரிட்ஜுல ரொம்ப காலம் ராஜ்ஜியம் பண்ணது இந்த வகைதான். ஆக, அடுப்பு, ஃப்ரிட்ஜ், வெந்நீர், ஹீட்டர் எல்லாமே வீட்டுச் சாமான். எல்லாத்துக்கும் 11 அங்குலம். ஆர்வியில சிலிண்டர் பக்கத்துல ரெண்டு கட்ட ரெகுலேட்டர் ஒண்ணு உக்காந்திருக்கும். முதல் கட்டத்துல 110 சுமார் 10 ஆகும், ரெண்டாவது கட்டத்துல 0.4 ஆகும். வெளிப்பக்கம் இருக்கற அந்த கேஸ் பாயின்டும் இந்த ரெகுலேட்டருக்கு அப்புறம் வர்ற குழாய்லதான் இருக்கு.

இப்போ காட்டு வம்சம். ஹென்றி ஃபோர்டு, எடிசன், டயர்காரர் ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் நாலு பேரும் 1910களின் நடுவுல இருந்து கார்ல காடு சுத்தினாங்க. 1921ல பரோஸ் காலமான பிறகும் மத்தவங்க 1924 வரைக்கும் போனாங்க. நாடோடிகள்னு தங்களுக்குத் தாங்களே பேர் வேற. கூடவே சமையல் லாரி, சமையல்காரர், மேஜை, நாற்காலி. நல்ல நாடோடிகள்தான் :-) ஆனா பத்திரிகையில அந்தப் படங்களைப் பார்த்த சாதாரண ஜனங்களும் காரை எடுத்துக்கிட்டு கிளம்பிட்டாங்க.

ஃபோர்டு இதுலயும் காசு பார்த்தார். மாடல் டி காருக்கு மரம் அறுக்கறப்போ மிச்சமான கட்டையைக் கரியாக்கி, உருண்டை பிடிச்சு, தன் கார் டீலர்கள் மூலமாவே வித்தார். மிச்சிகன்ல அந்த ஆலை இருந்த ஊருக்குப் பேர் கிங்ஸ்ஃபோர்டு. ஃபோர்டோட சொந்தக்காரர் ஒருத்தர் பேர். இன்னைக்கும் அமெரிக்கக் கடையில அடுக்கியிருக்கற கிங்ஸ்ஃபோர்டு கரி மூட்டை அந்த வழிதான். யோசிச்சுப் பாருங்க. புரொப்பேன் கதையிலயும் ஒரு மாடல் டி, கரிக் கதையிலயும் ஒரு மாடல் டி!

வெளிச் சமையலுக்கு 1923ல கோல்மேன் கம்பெனியோட கேம்ப் அடுப்பு வந்தது. அது பெட்ரோல் மாதிரி திரவ எரிபொருள்ல, பம்பு அடிச்சு எரிக்கறது. பின்னால புரொப்பேன் சின்னப் புட்டிகள்ல வந்ததும் பம்பு வேலை போச்சு. பச்சை நிறத்துல, கையடக்கமா, ஒரு பவுண்டு கேஸ் பிடிக்கற, தூக்கி எறியற புட்டி. 1960கள்ல கேஸ் கிரில்லும் கொல்லைப்புறத்துக்கு வந்து சேர்ந்தது. இந்தக் காட்டு வம்சத்துக்குன்னு தனியா ஒரு நியாயம் இருந்தது. புட்டியில ரெகுலேட்டர் கிடையாது. அதனால ஒவ்வொரு அடுப்பும், ஒவ்வொரு கிரில்லும் தன் ரெகுலேட்டரைத் தானே சுமந்துட்டு வரணும். புட்டியோட முழு அழுத்தமும் வாசல் வரைக்கும் வரும், அங்கேதான் குறையும். எவ்வளவு குறையணும்? அது அந்தந்தக் கம்பெனி இஷ்டம். சிலது 11 அங்குலத்துக்கே குறைக்கும். சிலது அதைவிடப் பல மடங்கு அதிகமா வச்சுக்கிட்டு, பர்னர்ல சின்ன ஓட்டை போட்டிருக்கும்.

இப்போ அகல்விளக்குத் தீ ஏன்னு புரிஞ்சிருக்கும். ஏற்கெனவே 0.4க்கு இறங்கின கேஸை, 110 வரும்னு காத்திருக்கற இன்னொரு ரெகுலேட்டருக்குள்ள அனுப்பறோம். அதிக அழுத்தத்துக்குன்னு செஞ்ச அதோட சின்ன ஓட்டை வழியா, இந்தக் கம்மி அழுத்தத்துல போதுமான கேஸ் போக முடியாது.

"அப்போ கிரில்லோட ரெகுலேட்டரைக் கழட்டிடலாமே?"ன்னு அடுத்த கேள்வி வரும். கை பரபரக்கும். இங்கேதான் மரைங்களோட கதையைச் சொல்லணும்.

பழைய புரொப்பேன் சிலிண்டர் வால்வுக்கு பிஓஎல்னு பேர். அதுல மரை இடது பக்கம் திரும்பும். நாம வழக்கமா இறுக்கற பக்கம் திருப்பினா கழண்டு வரும். புதுசா வர்றவங்க எல்லாரும் அதைத் திட்டுவாங்க. அந்தப் பேர் எங்கேர்ந்து வந்தது தெரியுமா? பிரெஸ்ட்-ஓ-லைட். 1904ல இண்டியானாபொலிஸ் நகரத்துல கார்ல் ஃபிஷர், ஜேம்ஸ் ஆலிசன்னு ரெண்டு பேர் ஆரம்பிச்ச கம்பெனி. கார் ஹெட்லைட்டுக்கு அசிட்டிலீன் கேஸைச் சிலிண்டர்ல அடைச்சு வித்தாங்க. அந்தத் தொழில்ல தொடர்ந்து வெடிவிபத்து. கடைசியில ஊருக்கு வெளியே போக வேண்டியதாச்சு. எரியற கேஸுக்கு இடது மரைன்னு வச்சது, அதை ஆக்சிஜன் மாதிரி வேற கேஸோட சாமான்ல தப்பித்தவறிக்கூட மாட்டிடக் கூடாதுன்னுதான். 1912ல கேடிலாக் கார்ல மின்சார விளக்கு வந்ததும் கேஸ் விளக்குக்குக் காலம் முடிஞ்சது. கம்பெனியை 1917ல யூனியன் கார்பைடு வாங்கிச்சு. ஆமா, 1984ல போபால்ல நம்ம ஜனங்களைக் கொன்ன அதே யூனியன் கார்பைடுதான். விளக்கு போச்சு, மரை மட்டும் நின்னுச்சு. இன்னொரு வேடிக்கை, இந்த ஃபிஷர்தான் நியூயார்க்ல இருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வரைக்கும் லிங்கன் நெடுஞ்சாலை போடணும்னு 1912ல கிளப்பிவிட்டவர். ரோட்டையும் சிலிண்டர் மூக்கையும் ஒரே ஆள் கொடுத்திருக்கார்.

அடுத்தது வாசனை. புரொப்பேனுக்குச் சொந்தமா வாசனையே கிடையாது. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி வர்ற நாத்தம், கசிவு தெரியணும்னு வேணும்னே கலக்கற எத்தில் மெர்காப்டான். நம்ம ஊர் சிலிண்டர்லயும் அதான். இதுக்குப் பின்னாடி இருக்கறது டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் பள்ளிக்கூடம். எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவுல இருந்த பணக்காரப் பள்ளிக்கூடம். ஆனா கேஸ் பில்லை மிச்சம் பிடிக்க, விலைக்கு வாங்கிட்டிருந்த கேஸை நிறுத்திட்டு, எண்ணெய் வயலோட கழிவு கேஸ் குழாய்ல இருந்து தாங்களே ஒரு இணைப்பு இழுத்துக்கிட்டாங்க. அப்போ அந்தப் பகுதியில பலரும் செஞ்சதுதான், யாரும் பெருசா எடுத்துக்கல. அது இயற்கை எரிவாயு, வாசனை இல்லை. தரைக்கு அடியில கசிஞ்சு சேர்ந்தது யாருக்கும் தெரியல. 1937 மார்ச் 18, பள்ளி விடற நேரம். பட்டறை வாத்தியார் ஒரு தேய்ப்பு மெஷினைப் போட்டார். ஒரு பொறி. கட்டடமே எழும்பி விழுந்தது. ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் பிள்ளைங்க. சில வாரத்துக்குள்ளயே டெக்சாஸ் கேஸுக்கு நாத்தம் கலக்கறதைச் சட்டமாக்கிச்சு. மத்த இடங்களும் பின்தொடர்ந்தது.

இதை ஏன் இங்கே சொல்றேன்னா, அந்தப் பள்ளிக்கூடத்துல நடந்ததும் ஒரு "இணைப்பு"தான். கேஸ் பக்கத்துலயே இருக்கு, ஒரு குழாய் போட்டா போச்சுங்கற அதே நினைப்பு.

அப்புறம் 1990கள். சிலிண்டரை வாய் வரைக்கும் ரொப்பிடுவாங்க. வெயில்ல வச்சா திரவம் விரியும், அடைச்ச கேஸ் வால்வு வழியா பீச்சும். 80 சதவீதம்தான் ரொப்பணும்னு விதி இருந்தும் கை கேட்கல. அதனால 1998 செப்டம்பருக்கு அப்புறம் செய்யற 4 முதல் 40 பவுண்டு வரைக்குமான சிலிண்டர்ல, தானே நிறுத்தற மிதவை வச்ச வால்வு வேணும்னு அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தோட விதிநூல் சொல்லிடுச்சு. கைப்பிடி முக்கோணமா இருந்தா அந்த வால்வு. 2002 ஏப்ரலுக்கு அப்புறம் அது இல்லாத சிலிண்டரை ரொப்பக்கூடாது. ஆர்வியில படுக்க வச்ச பழைய சிலிண்டருக்கு மட்டும் சலுகை. அதே 1990கள்லதான் கையாலேயே இறுக்கற, வலது பக்கம் திரும்பற புது மூக்கும் கிரில்லுக்கு வந்தது. சரியா மாட்டாத வரைக்கும் கேஸே வராது. ஹோஸ் அறுந்து கேஸ் பீறிட்டா உள்ளே ஒரு குண்டு போய் அடைக்கும். பக்கத்துல தீப்பிடிச்சா பிளாஸ்டிக் மரை உருகி இணைப்பு விட்டுடும், வால்வு மூடிக்கும்.

இப்போ கேட்ட கேள்விக்குப் பதில்.

ஒண்ணு: ஆர்வி பக்கவாட்டுல இருக்கற பாயின்ட்டுக்கு, 11 அங்குலத்துல ஓடறதுக்காகவே செஞ்ச, தனக்குன்னு ரெகுலேட்டர் இல்லாத கிரில்லை வாங்குங்க. இல்லேன்னா உங்க கிரில்லைச் செஞ்ச கம்பெனியே அதுக்குன்னு விக்கற மாற்றுச் சாமானைப் போடுங்க. ரெண்டு: ரெகுலேட்டரோட வர்ற கிரில்தான் வேணும்னா, சிலிண்டருக்கும் ஆர்வி ரெகுலேட்டருக்கும் நடுவுல பித்தளை டீ ஒண்ணு போட்டு, அங்கேர்ந்து ஹை பிரஷர் ஹோஸ் இழுங்க. அந்த ஹோஸ்ல 350 பவுண்டு தாங்கும்னு அச்சடிச்சிருக்கணும். கிரில்லோட ரெகுலேட்டர் அப்படியே இருக்கணும்.

நாலு ஜோடி சேர்க்கலாம். ரெகுலேட்டர் இல்லாத கிரில் வீட்டு அழுத்தத்துல, ரெகுலேட்டர் உள்ளது சிலிண்டர் அழுத்தத்துல: ரெண்டும் சரி. ரெகுலேட்டர் உள்ளது வீட்டு அழுத்தத்துல: அகல்விளக்கு, பசி மட்டும்தான் நஷ்டம். ரெகுலேட்டர் இல்லாதது சிலிண்டர் அழுத்தத்துல: 0.4க்குச் செஞ்ச அடுப்புக்கு 110. இந்த நாலாவது ஜோடி சேரக் கூடாதுன்னுதான் அந்த மரையெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாம வச்சிருக்காங்க. கடையில கிடைக்கற அடாப்டர் ரெண்டை ஒட்டவச்சா அந்தப் பூட்டு திறந்துடும். ரெகுலேட்டரைக் கழட்டின அதே கிரில்லை, அடுத்த வருஷம் விஷயம் தெரியாத ஒருத்தர் எடுத்து டீயில மாட்டினா போதும். அதனால கழட்டின கிரில் மேல அழியாத மையில எழுதி வைங்க, அல்லது கழட்டவே கழட்டாதீங்க.

மாட்டினதும் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க, முட்டை விட்டா கசிவு. புரொப்பேன் காத்தைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோட தங்கும். அதனாலதான் ஆர்வியில கேஸ் அலாரம் காலடியில இருக்கு. கிரில்லை வண்டிச் சுவர்ல இருந்தும் துணிப் பந்தல்ல இருந்தும் தள்ளி வைங்க. சாப்பிட்டு முடிச்சதும் சிலிண்டர் வால்வை மூடிட்டு, டீயோட மூக்குக்கு மூடி போடுங்க. காலியான பச்சைப் புட்டியை வீட்டுல ரொப்பற வேலை வேண்டாம். அப்படி ரொப்பினதை ரோட்டுல கொண்டு போறது சட்டப்படி குற்றம், புட்டி மேலேயே போட்டிருக்கும்.

இந்தக் கேள்வி இனிமே அதிகமாத்தான் ஆகும். கலிஃபோர்னியா 2022ல போட்ட சட்டப்படி, தூக்கி எறியற ஒரு பவுண்டுப் புட்டியை 2028 ஜனவரியில இருந்து அங்கே விக்க முடியாது. பெரிய சிலிண்டர்ல மாட்டிக்கலாமேன்னு நிறைய பேர் ஸ்பானரைத் தூக்குவாங்க. நல்ல விஷயம்தான், குப்பை குறையும். ஆனா ஒரு மூக்கு இன்னொண்ணுல சேர மாட்டேங்குதுன்னா, பலம் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னு அது ஏன் சேரலைன்னு கேளுங்க. மரை கழண்டா மாத்திக்கலாம்.